வைத்திருக்கிறார்

மணிக்குப் பதினான்கு யூரோ எனக்கு.
அவள் சொல்வதை அதிகாரிக்கு,
அதிகாரி கேட்பதை அவளுக்கு.
நடுவில் நான் இல்லை என்பதுதான் ஒப்பந்தம்.

திரியெஸ்தே குடிவரவு அலுவலகம், மூன்றாம் மாடி.
வெளியே போரா காற்று
குப்பைத்தொட்டிகளைத் தெருவோடு உருட்டிக்கொண்டிருக்கிறது.
பெயர்: தோய்னா முன்தியானு. வயது இருபத்துநான்கு.
ஊர் சொரோக்கா, மால்டோவா.
வீட்டுப் பணி, வாரம் இருபத்தைந்து மணி நேரம்.
முதலாளி லீவியோ கொசூத்தா, அறுபத்தெட்டு.
துறைமுகத்தில் காபிக் கிடங்குகள் நான்கு.

“அக்டோபரிலிருந்து காப்பீட்டுத் தொகை ஏன் கட்டப்படவில்லை?”
திரையைப் பார்த்தபடியே கேட்கிறார் அதிகாரி.
எங்கள் மொழியில் நான் கேட்கிறேன்.
அவள் கோட்டின் பொத்தானைத் திருகுகிறாள்.
ஒட்டக நிறக் கோட்டு. அவர் வாங்கியது.
விலைச்சீட்டைக் கிழிக்காமலே தந்தாராம்.

“அக்டோபரில்தான் என்னைக் கிராதோவுக்குக் கூட்டிப்போனார்.
ஆளில்லாத கடற்கரை.
ஓர் ஆரஞ்சைத் தோல் அறாமல்
ஒரே சுருளாக உரித்துத் தந்தார்.
திரும்பி வந்தபின் சம்பளக் கவரைக் காணோம். கேட்டேன்.
கண் கலங்கிவிட்டது அவருக்கு.
இனி உனக்குக் கூலி கொடுத்தால்
நம்மை நானே அசிங்கப்படுத்துவதாகாதா என்றார்.”

ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தேன்.
‘கூலி தரப்படவில்லை’ என்று
தட்டச்சு செய்துகொண்டார்.
ஆரஞ்சுக்குப் படிவத்தில் கட்டம் இல்லை.

அவர் கால் நகங்களை இவள்தான் வெட்டிவிடுவாள்.
முன்பு அது வேலை.
ஞாயிற்றுக்கிழமை அவர் மகள் வருவாள்,
இவளைவிடப் பதினேழு வயது மூத்தவள்.
அன்று மட்டும் தோய்னா ஏப்ரன் கட்டி
சூப்பைப் பரிமாறிவிட்டு
அடுப்படியில் நின்றபடி சாப்பிடுவாள்.
இரவில் மன்னிப்புக் கேட்பார், இவள் மடியில் தலை சாய்த்து,
அழகான இத்தாலியனில்.

இவளுடைய இத்தாலியனும் அவர் சொல்லிக்கொடுத்ததுதான்.
வேண்டாம் என்பதை இவள் பிழையோடு சொன்னால்
பொறுமையாகத் திருத்துவார்.
திருத்தி முடிப்பதற்குள்
என்ன சொல்ல வந்தாள் என்பது
இருவருக்குமே மறந்துபோயிருக்கும்.

(உதினேயில் ஒரு பல் மருத்துவர் இருந்தார்.
அது என் கதை. மணிக்கணக்கில் சேராது.)

“கேளுங்கள், இது வேலையா, உறவா?”

அவள் ஒரே சொல்லில் பதில் சொன்னாள்:
வைத்திருக்கிறார்.

எங்கள் மொழியின் கள்ளச் சொல் அது.
என்மேல் பிரியம் வைத்திருக்கிறார் என்றாலும் அந்த வினைதான்,
என்னை வைத்திருக்கிறார் என்றாலும் அதே வினைதான்.
இடையில் வரும் துண்டுச் சொல்லைப் பொறுத்து
மானமும் அவமானமும்.
அதை அவள் விழுங்கிவிட்டாள்.

“வைத்திருக்கிறார் என்றால்? எதை?”
அதிகாரி முதல்முறையாகத் திரையிலிருந்து
முகத்தைத் திருப்பினார்.

கேட்டேன்.
காற்று ஒருமுறை சன்னலை உலுக்கிவிட்டுப் போனது.

“பாஸ்போர்ட்டை” என்றாள்.

“அசல் வேண்டும். கீழே காரில் இருக்கிறாராமே,
வாங்கி வரச் சொல்லுங்கள்.”

இறங்கிப் போனாள். சன்னலோரம் போய் நின்றேன்.
இடைவேளைக்குக் காசு கிடையாது எனக்கு.
சாம்பல் நிறக் கார், எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கிறது.
கூந்தல் முழுக்க முகத்தில் அப்ப
அவள் கண்ணாடியைத் தட்டுகிறாள்.
இறங்குகிறது, நான்கு விரல் அளவு.
ஏதோ சொல்கிறாள். எந்த மொழியில் என்று தெரியவில்லை.
கையை நீட்டுகிறாள்.

அவர் அந்தக் கையைப் பார்க்கிறார். விறைத்துச் சிவந்த கை.
பதறிப்போய்த் தன் தோல் கையுறைகளைக் கழற்றி
அதில் வைக்கிறார்.
அவர் முகத்தில் பொய் எதுவும் இல்லை,
மூன்றாம் மாடியிலிருந்து பார்த்தாலே தெரிகிறது.

அவள் நின்றாள்.
இரண்டையும் நிதானமாக மாட்டிக்கொண்டாள்.
அவளுக்கு மிகப் பெரியவை, விரல் நுனிகள் மடங்கித் தொங்கின.

பிறகு அந்தக் கையையே
மறுபடி நீட்டினாள்.